எடைமேடையில் யாரும் இல்லை

திங்கட்கிழமை காலைகளில் அவர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“சார், கோப்பியில ரெண்டு கரண்டி சீனி போடட்டுமா?”

நான் கோப்பியில் சீனி சேர்ப்பதில்லை. அது அலுவலகம் முழுவதற்கும் தெரியும். “வேண்டாம்” என்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விடுவார். கோப்பி வராது. அவர் கோப்பி போடுகிறவர் அல்லர். எங்கள் கணினிப் பிரிவின் பெண் சிஸ்டம் புரோகிராமர். சம்பளப் படியில் எனக்கு ஒரு படி கீழே, தன் சொந்த மதிப்பீட்டில் பல படி மேலே.

எனக்கு அடுத்து, நாடாக்களை மாற்றும் ஆ சோங்கிடம் போவார். ஆ சோங்குக்கு டுரியான் பழத்தின் வாடையே ஆகாது. “அங்கிள், டுரியான் டோடோல் கொண்டாந்திருக்கேன், வேணுமா?” என்பார். “தா மாவ் லா, அக்கா!” என்று மலாயில் மறுத்து அவர் மூக்கைப் பொத்திக்கொள்வார். இவருக்கு முகம் மலரும். டோடோல் இனிப்பும் வராது.

ஏன் இந்தக் கூத்து என்று ஒருமுறை கேட்டேன்.

“லீவுல போன ஆளுதான் திரும்பி வந்திருக்காங்கன்னு எப்படித் தெரியும் சார்? சரி, சரின்னு யார் வேணும்னாலும் சொல்லலாம். வேண்டாங்கிறதுதான் அவங்கவங்க சொந்தம்.”

வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். பிறகு ஒரு திங்கட்கிழமை கேள்வி சரியாகக் காதில் விழாமல் “ம்” என்றுவிட்டேன். அவர் கையிலிருந்த ஃபைலைக் கீழே வைத்துவிட்டு என் முகத்துக்கு மிக அருகே வந்து கண்களைப் பார்த்தார். “சார், வீட்டுக்குப் போங்க. இப்பவே” என்றார். மதியத்துக்குள் எனக்கு நடுக்கம் கண்டது. மாலையில் டெங்கி என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லிவந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மலேசியாவின் ஈப்போவில், பல தோட்டங்களை நிர்வகித்த ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகம். ரப்பர்ப் பால்மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை வைத்து முடித்திருந்தார்கள். மிச்ச நிலத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். இந்த மாற்றங்களுக்கெல்லாம் கணக்குப் பார்க்க அலமாரி அளவில் ஒரு கணினி இருந்தது. அதற்கு நான் துணை மேலாளர். விதிமுறைகளை எழுதுவது என் வேலை. யார் எந்தக் கதவைத் திறக்கலாம், எந்த நாடாவை எங்கே வைக்கலாம், பழுதானால் யாரைக் கூப்பிடலாம், கூப்பிட்டவர் வராவிட்டால் யாரிடம் புகார் செய்யலாம் என எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். அவற்றைப் படித்த ஒரே ஆள் அவர்தான். தவறு கண்டுபிடிப்பதற்காகப் படித்தார். “உங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க பொறக்கும்போதே ரூல் புக்கோடதான் பொறப்பீங்களா சார்?” என்பார். “தோட்டத்து ஆளுங்க மாதிரி கத்திக்கிட்டே பொறக்கல” என்பேன். இருவரும் சிரிப்போம். அவர் தாப்பா பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, கோலாலம்பூரில் கணிதம் படித்துவிட்டு வந்தவர்.

கத்துவதில் அவருக்கு இணை கிடையாது. தினமும் மதியம் கணவருக்குத் தொலைபேசியில் பேசுவார். கணவர் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். பேச்சு என்று நான் சொல்வது மரியாதைக்காக. சோற்றுக்கு உப்புப் போதவில்லை என்பதில் தொடங்கி, மாமியார் வீட்டுத் திருமணத்தில் யார் யாரை முறைத்தார்கள் என்பது வரைக்கும் போகும். எதிர்ப்பக்கக் குரலும் எங்களுக்குக் கேட்கும். எதற்கும் ஒத்துக்கொள்ளாத மனிதர். ரிசீவரை வைத்துவிட்டு இவர் திரும்பும்போது முகத்தில் குளித்துவிட்டு வந்த பொலிவு இருக்கும். தமிழ் தெரியாத ஆ சோங்கும் அந்த நேரத்தில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து நாற்காலிக்கு வந்துவிடுவார்.

ஒரு நாள் தாப்பா சாலை வளைவில் கணவரின் மோட்டார் சைக்கிள் ஒரு லாரிக்கு அடியில் போனது. தலையில் அடி. பல வாரம் மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தார். இவர் நீண்ட விடுப்பு எடுத்தார். பிறகு கணவர் கண் விழித்தார், நடந்தார், வீடு திரும்பினார். இவரும் வேலைக்குத் திரும்பினார். மதியத் தொலைபேசி மறுபடியும் தொடங்கியது. ஆனால் இப்போது, “சரிங்க… நீங்க சொன்னா சரிங்க… அப்படியே செஞ்சிடலாங்க” என்று மட்டுமே கேட்டது. பட்டால்தான் புத்தி வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆ சோங் தன் பழைய நாற்காலிக்கே திரும்பிப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் இயந்திரத்துக்குப் புதிய கர்னல் வந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கணினியின் நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நடத்துகிற நிரலுக்குக் கர்னல் என்று பெயர். அச்சுப்பொறி, நாடா, தொலைபேசிக் கம்பி என்று வெளியே இருக்கும் ஒவ்வொரு சாதனத்தோடும் பேச அதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதுதான் டிரைவர். கர்னலை மாற்றினால் டிரைவர்களையும் மாற்ற வேண்டும். கணினியை விற்றவர்கள் தங்களுடைய டிரைவர்களை மாற்றித் தந்துவிடுவார்கள். எங்களுக்கு ஒன்று மட்டும் அநாதை: தாப்பா பக்கத்துச் செம்பனை ஆலையில் லாரிகளை நிறுக்கும் எடைமேடையின் டிரைவர். அதை எழுதிக் கொடுத்த சிங்கப்பூர்க் கடை மூடிப்போயிருந்தது. இயந்திரம் மட்டுமே படிக்கக்கூடிய வடிவத்தில் அது எங்களிடம் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க முடியாது. அப்படியே புதிய கர்னலோடு சேர்த்துக் கட்ட வேண்டும்.

முந்தைய மாற்றத்தின்போது அது சேர மறுத்தது. தான் கேட்கும் பெயரில் யாரும் இங்கே இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. நான் தலையில் கை வைத்தேன். அவர் மகிழ்ந்தார். “பாத்தீங்களா, பிடிவாதம் பிடிக்குது. நல்ல பிள்ளை சார். என்ன தேடுதுன்னு சொல்லிடுச்சு, தேடினதைக் குடுத்துட்டா போச்சு” என்று சொல்லி அன்றே சரிசெய்துவிட்டார்.

இந்தமுறை அது ஒரு முனகலும் இல்லாமல் சேர்ந்துகொண்டது.

என் சரிபார்ப்புப் பட்டியலை எடுத்தேன். ‘எடைமேடையிலிருந்து எடை வருகிறதா?’ என்று ஒரு வரி. வந்தது. லாரி லாரியாக வந்தது. குறியிட்டேன். எல்லோரும் கையெழுத்திட்டோம். அவர் மட்டும் பேனாவை மூடியபடியே வைத்திருந்தார்.

“எல்லாம் வேலை செய்யுதே, அப்புறமென்ன?” என்றேன்.

“அதான் சார் பயமா இருக்கு. உள்ள இத்தனை மாறியிருக்கு, இது ஒரு வார்த்தை கேக்கல. ஆலை மூடியிருக்கிறப்ப ஒரு நாள் பாக்கணும்.”

“ஆலை மூடியிருந்தா எடையே வராதே.”

“வராம இருக்கான்னுதான் பாக்கணும்.”

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை. கணினி அறையில் விடுமுறை நாளில் பெண் ஊழியர் தனியாக இருக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. எழுதியவன் நான்தான் என்பதால் நானும் போக வேண்டியதாயிற்று. நல்ல வெயில். கீழே சாலையில் கோயில் வேன் ஒன்று பாட்டு வைத்துக்கொண்டு போனது. குளிரூட்டிய அறையில் நாங்கள் இருவரும் எடைமேடையின் சிறிய அச்சுப்பொறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். தாப்பா ஆலையிலிருந்து தனிக் கம்பி வழியே அதற்குச் செய்தி வரும்; மேடையில் எடை ஏதாவது இருந்தால் அது ஒரு வரி அடிக்கும். இல்லையென்றால் சும்மா இருக்கும்.

அது அடித்தது. அறுபது கிலோ.

சற்றுப் பொறுத்து மறுபடியும். அறுபது கிலோ.

ஆலைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். காவல்காரர் எடுத்தார்.

“அண்ணே, மேடையில யாரு நிக்கிறா?”

“ஒருத்தரும் இல்லம்மா. காலையில மழை பேஞ்சுச்சு. கொஞ்சம் தண்ணி நிக்குது, அவ்வளவுதான்.”

“தண்ணியைத் தள்ளிட்டு வந்து பேசுங்கண்ணே.”

ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு அவர் போகும் சத்தம் கேட்டது. அச்சுப்பொறி அடித்தது: அறுபது. காவல்காரர் திரும்பிவந்தார்.

“தள்ளிட்டேன்மா.”

“இப்ப நீங்க அது மேல ஏறி கொஞ்ச நேரம் நின்னுட்டு வாங்க.”

“நானா? எதுக்குலா?”

“சும்மாதான். போங்கண்ணே.”

நாங்கள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நூற்று முப்பது என்று அடித்தது. இரண்டு பேர். சற்று நேரத்தில் மறுபடியும் அறுபது. ஒருவர் இறங்கிவிட்டார், ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

“ஏறி எறங்கிட்டேன்மா” என்றார் காவல்காரர். பிறகு குரல் இறங்கியது. “அதுல யாராச்சும் இருக்காங்களாம்மா?”

“இல்லண்ணே. நீங்க உள்ளயே இருங்க.”

நான் படித்தவன். காரணம் இருந்தே தீரும் என்று தெரியும்; இருந்தது. வெறும் தராசைப் பூஜ்ஜியம் காட்டச் செய்யும் திருத்த எண்ணை அந்த டிரைவர் கர்னலின் ஓர் அட்டவணையில் குறிப்பிட்ட இடத்தில் வைத்து எடுக்கும். புதிய கர்னல் அட்டவணையை மாற்றி அடுக்கி, அதே இடத்தில் வேறு எதையோ வைத்திருந்தது. டிரைவர் அதையே தன்னுடையது என்று எண்ணி எடுத்துக் கூட்டிக்கொண்டிருந்தது. டன் கணக்கில் செம்பனை ஏற்றிய லாரியில் அறுபது கிலோவை யார் பார்க்கப்போகிறார்கள்? அந்த வாரம் முழுவதும் எங்கள் கணக்கின்படி ஒவ்வொரு லாரியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆள் ஏறி வந்திருக்கிறான். நான் குறியிட்டிருக்கிறேன்.

இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அந்த நேரத்தில் தெரிந்தது, வெறும் மேடையில் யாரோ நிற்கிறார் என்பது மட்டும்தான்.

அச்சுப்பொறி விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடியே பேசத் தொடங்கினார்.

“வீட்டுலயும் இதேதான் சார்.”

“எது?”

“திரும்பி வந்ததுலேருந்து அவர் எதுக்கும் மாட்டேன்னு சொல்லல. கட்டிலைத் திருப்பிப் போட்டேன், படுத்துக்கிட்டாரு. பாகற்காய் வெச்சேன், ஆயுசுல தொட்டதில்ல, தின்னுட்டாரு. கோப்பியில உப்பைப் போட்டுக் குடுத்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சிட்டு டம்ளரைக் கழுவி வெச்சாரு.”

“தலையில அடிபட்டவர்…”

“டாக்டரும் அதான் சொல்றாரு. எல்லாம் நார்மல்னு எழுதிக் குடுத்துட்டாரு, உங்க செக்லிஸ்ட் மாதிரி.” அவர் குரலில் கேலி இல்லை. “நேத்து வேற ஒருத்தர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன் சார்.”

நான் காகிதத்திலிருந்து தலையை உயர்த்தினேன்.

“‘என்னம்மா’ன்னு திரும்பிப் பாத்தாரு.”

அறுபது கிலோ என்று அச்சுப்பொறி அடித்தது.

“அவருதான் வந்திருக்காருன்னா, ஆயுசுக்கும் பாத்துக்குவேன் சார். வந்தது யாருன்னு தெரியணும். தெரியாம எப்படிப் பக்கத்துல படுக்கிறது?”

எடைமேடையை அவர் அடுத்த வாரமே சரிசெய்தார். கர்னலைத் தொடவில்லை, டிரைவரையும் தொடவில்லை. பழைய அட்டவணையைப் போலவே ஒரு பொய் அட்டவணை செய்து, டிரைவர் கை நீட்டும் இடத்தில் வைத்தார். “பழைய கர்னல்லதான் இருக்கோம்னு நினைச்சுக்கிட்டு இருக்கு சார். நினைச்சுக்கட்டும்” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அச்சுப்பொறி சும்மா இருந்தது. மேடையில் நின்றவர் இறங்கிப் போய்விட்டார். பிறகுதான் இவர் கையெழுத்திட்டார்.

ஊழியர் குடும்பத்தில் ஒருவர் நோயிலிருந்து மீண்டால் துறையின் மேலாளர் ஒருவர் வீட்டுக்குப் போய் நலம் விசாரிக்க வேண்டும் என்றும் எங்களிடம் விதி உண்டு. அதை எழுதியது நான் அல்ல. ஒரு பை ஆரஞ்சுப் பழங்களோடு ஜெலாப்பாங்குக்குப் போனேன். வரிசை வீடு, சுத்தமான முன்கூடம். கணவர் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் தழும்பு. பக்கத்து ஊர் சிம்பாங் பூலாயில் நல்ல மழை என்றேன், ஆமாம் என்றார். இல்லை, அங்கே வெயில் என்றேன், ஆமாம், வெயில் என்றார்.

இவர் கோப்பி போட உள்ளே போனார். அடுப்படிக் குழாய்ச் சத்தம் கேட்டதும் கணவர் என் பக்கம் சாய்ந்தார். குரல் மாறியிருந்தது. எங்கள் தொலைபேசியில் கேட்ட பழைய குரல்.

“சார், நீங்க அவ ஆபீஸ்தானே? அவளை எங்கயாச்சும் பாத்தீங்களா?”

“யாரை?”

“என் வீட்டுக்காரியை.”

“உள்ளதானே இருக்காங்க.”

“இது அவ இல்லலா சார்.” அடுப்படியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “அச்சு அசலா அவளைப் போலவே இருக்கு. சமைக்குது, துவைக்குது. ஆனா எதுத்து ஒரு வார்த்தை பேசல. எல்லாத்துக்கும் சரிங்க, சரிங்கங்குது. அவ அப்படிச் சொல்லவே மாட்டா சார், செத்தாலும் சொல்ல மாட்டா. உப்புக் கோப்பியைக் குடுத்துட்டு மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்குது. பேர் மாத்திக் கூப்பிடுது. எனக்குப் பயமா இருக்கு. எது கேட்டாலும் சரின்னுடறேன். கோவம் வந்துச்சுன்னா என்ன செய்யும்னு யாரு கண்டா?”

குழாய் நின்றது. அவர் நிமிர்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார்.

கோப்பி வந்தது. என்னுடையதில் சீனி இல்லை. அவருடையதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. இவர் நின்று பார்த்தார். அவர் குடித்து முடித்தார்.

வெளிக்கதவு வரைக்கும் வழியனுப்ப வந்தபோது, கணவர் சொன்னதை இவரிடம் சொல்லிவிட்டேன். இதற்கு விதி எதுவும் இல்லை. அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆ சோங் மூக்கைப் பொத்தும்போது வரும் அந்த மலர்ச்சி முகத்தில் வந்தது.

“மறுக்கிறாரா? நான் இல்லன்னு சொல்றாரா?”

“ஆமாம்.”

“அப்ப அவர்தான் சார்! அவரேதான்!” சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல வடிந்தது. “மாறினது நான்தான்.”

மருத்துவமனை வாசலில் ஒரு பிள்ளையார் உண்டாம். கணவர் நினைவில்லாமல் கிடந்தபோது அங்கே நேர்ந்துகொண்டாராம்: அவர் கண்ணைத் திறந்தால் போதும், இனி ஆயுசுக்கும் அவரோடு சண்டை போட மாட்டேன் என்று. கணவர் கண்ணைத் திறந்தார்.

“அவர் என்ன தேடறாருன்னு இப்பத் தெரியுது. எடுத்துக் குடுத்தா வந்துடுவாரு. குடுத்தா நேர்த்தி போயிடும். நேர்த்தி போச்சுன்னா…” தழும்பு இருக்கும் இடத்தைத் தன் நெற்றியில் தொட்டுக் காட்டினார்.

உள்ளே அவர் டம்ளரைக் கழுவும் சத்தம் கேட்டது. இவர் வெகுநேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சண்டை போட மாட்டேன் சார்” என்றார் கடைசியில். “போடற மாதிரி போடறேன். பிள்ளையாருக்கு வித்தியாசம் தெரியும்.”

மறுநாள் மதியம் அலுவலகமே அதிர்ந்தது. சோறு, உப்பு, மாமியார், கல்யாணம், ஒன்றையும் விடவில்லை. முதலில் எதிர்ப்பக்கம் அமைதியாக இருந்தது. சில வாரங்களில் ஒரு முனகல் கேட்டது. பிறகொரு நாள் அந்தப் பழைய குரல், “முடியாது! போடி!” என்று கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஆ சோங் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றுமே இல்லை. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வாய் கத்திக்கொண்டிருக்க, இரண்டு கைகளும் நிதானமாக விசைப்பலகையில் தட்டிக்கொண்டிருந்தன.

சில ஆண்டுகளில் நிறுவனம் தோட்டங்களை விற்றது, ஆலையை விற்றது, கணினியை இரும்பு விலைக்குப் போட்டது. ஆளுக்கொரு பக்கம் போனோம்.

எண்பதுகள் முடியும் தறுவாயில், சிம்பாங் பூலாய் காலைப் பாசாரில், சந்தைக் கூட்டத்தில், அவர்கள் இருவரையும் பார்த்தேன். பழக்கடையில் கொய்யாவை வைத்துச் சண்டை. நான்கு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். என்னைப் பார்த்ததும் இவர் கையசைத்துவிட்டு, தெருவோர ஒட்டுக்கடையில் கோப்பி சொல்லப் போனார். கணவர் என்னிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். நன்றாகச் சதை போட்டிருந்தார்.

“இப்பப் பரவால்ல சார்” என்றார், குரலைத் தாழ்த்தி. “இது நல்லாக் கத்துக்கிச்சு. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா அவளேதான். பாவம், எனக்காக எவ்வளவு கஷ்டப்படுது! இருந்துட்டுப் போகட்டும்.” கொஞ்சம் தயங்கினார். “அவளை எங்கயாச்சும் பாத்தீங்கன்னா சொல்லுங்க சார். நாங்க வீடு மாறல, அதே வீடுதான்னு.”

கொய்யாவுக்கே திரும்பிப் போனார். நான் ஒட்டுக்கடையில் போய் உட்கார்ந்தேன்.

“என்ன சொன்னாரு சார்?”

“ஒண்ணுமில்ல. நல்லா இருக்காராம்.”

அவர் என்னைப் பார்த்தார். “ரெண்டு கரண்டி சீனி போடட்டுமா?”

“சரி” என்றது என் வாய்.

அவர் கை மேசையிலிருந்த சீனி டப்பாவின் மேல் அப்படியே நின்றது. பிறகு திறந்து, ஒரு கரண்டி போட்டார். இன்னொரு கரண்டி.

“உங்ககிட்டயும் சொல்லிட்டாரா?” என்றார், கலக்கிக்கொண்டே. “தெரியும் சார். என்கிட்டயே கேப்பாரு, அவ எப்ப வருவான்னு.”

“என்ன சொல்வீங்க?”

“வந்துடுவான்னு சொல்வேன்.”

பழக்கடையிலிருந்து, அழுகினதாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறாய் என்று கணவர் கத்தினார். இவர் திரும்பி, அதே சுருதியில், கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும்படி பதிலுக்குக் கத்தினார். கத்தி முடிப்பதற்குள் ஒரு கையால் கோப்பியை என் பக்கம் தள்ளிவைத்து, நின்று என் முகத்தைப் பார்த்தார்.

கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.